பாம்பேக்குப் போன கோதண்டம்

கோதண்டம் இறந்துவிட்டான். இன்று மதியம், விழுப்புரத்தில், அவன் வீட்டிலேயே. மகள் செல்வி போனில் சொன்னார். போன மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இதே சேதி வந்தது, அது பொய். இது உறுதியான செய்தி.

இங்கே படிக்கிற பலருக்கு அவனைத் தெரியாது. நான் பத்திரிகைக்கு வருவதற்கு முன், அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கோதண்டமும் அங்கேதான் இருந்தான்.

மூட்டை வரும், எடை போடுவோம், மூட்டை போகும். "மல்லாட்டைகூட மெட்ராஸ் போவுதுடா. நாம இங்கயே கெடக்குறோம்" என்பான். எனக்கும் அதே அரிப்புதான்.

வேலை முடிந்தால் ரயில்வே ஸ்டேஷன். பாதி ஊர் அங்கே இருக்கும். யாரையும் ஏற்றிவிட அல்ல... சாயங்கால ரயில் வந்து நின்று போவதைப் பார்க்க. ஊரில் அசைகிற பொருள் வேறு என்ன இருந்தது?

யார் இறங்குகிறார், கையில் என்ன பை, முகம் ஏன் இப்படி இருக்கிறது... எல்லாவற்றையும் பிளாட்பாரத்திலேயே விசாரித்துவிடுவார்கள். இறங்கியவர் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போயிருக்கும்.

ஒரு நாள் கோதண்டம் தனக்கு பாம்பேயில் மில் வேலை கிடைத்ததாகச் சொன்னான். தூரத்து மாமா ஒருவர் மெட்ராஸ் சென்ட்ரலில் காத்திருந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஊரே வழியனுப்ப வந்தது. மாலை போட்டார்கள். "எங்க, இந்தில ஒரு வார்த்த பேசு பாக்கலாம்" என்றார் மண்டி முதலாளி. எல்லாரும் சிரித்தோம். அவன் அம்மா பச்சையம்மாள் மட்டும் அழுதார்.

சென்ட்ரலுக்கு மாமா வரவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, கோதண்டம் ஊருக்கே திரும்ப ரயில் ஏறினான்.

அதன் பிறகு நடந்தது அவனே என்னிடம் சொன்னது. ரயில் திண்டிவனத்தில் நின்றது. ஜன்னலில் பார்த்தால், மாலை போட்ட அதே ஆட்கள் பிளாட்பாரத்தில். நானும் இருந்திருக்கிறேன். அவனைக் கவனிக்கவில்லை.

"எழுந்திரிக்கத்தான் பாத்தேன்டா... காலு வரல."

முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவன் மாதிரி சாய்ந்துவிட்டான். ரயில் நகர்ந்தது. விழுப்புரத்தில் இறங்கி, ஜங்ஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தான்.

எத்தனை நாள் ஒளிய முடியும்? இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் ஓடுகிறது. ஒரு கண்டக்டர் பார்த்துவிட்டு மண்டியில் வந்து சொன்னார்: "உங்க பாம்பேகாரருதாங்க எனக்கு இட்லி வெச்சாரு. சட்னிய கேக்காமயே ஊத்துனாரு."

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. ஆனால் பச்சையம்மாளிடம் ஒருவரும் சொல்லவில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவு என்று எனக்குத் தகவல் இல்லை. வாயில் எதுவும் நிற்காத ஊர்... இது நின்றது. "பாம்பேல மழையாமே?" என்று அவர் கேட்டால், "அங்க எப்பவுமே மழைதாம்மா" என்பார்கள்.

கிண்டலைத்தான் விட முடியவில்லை. எங்கள் தெருவில் விழுப்புரம் என்ற பெயரே போய்விட்டது. கோர்ட்டோ, ஆஸ்பத்திரியோ, பெண் பார்க்கவோ, எதற்குக் கிளம்பினாலும் "பாம்பே போய்ட்டு வர்றேன்"தான். கொஞ்ச நாளில், நடுவழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறுகிறவர்கள்கூட அப்படிச் சொன்னார்கள். பச்சையம்மாளின் காது எட்டுகிற தூரத்திலும் சொன்னார்கள்.

இது நான் நேரில் பார்த்தது. மண்டி வேலையாக விழுப்புரம் பஸ்ஸில் இருந்தேன். கையில் ஒரு தூக்கோடு பச்சையம்மாள் ஏறினார்.

"எங்கம்மா போவணும்?" என்றார் கண்டக்டர்.

"பாம்பேக்கு ஒண்ணு குடு."

பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இன்னா முழிக்கிற? ஊரே போய்ட்டு வருது. நான் போவக் கூடாதா?"

ஓட்டலை நான்தான் காட்டினேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டம்ளரோடு வந்த கோதண்டம் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா, பாம்பேல வந்தவங்களுக்குத் தண்ணி வெக்க மாட்டாங்களா?"

வைத்தான். பாதி மேஜையில் கொட்டியது.

"வீட்டுக்கு வாடா."

"வந்தா பேரு வெச்சிடுவாங்கம்மா."

"பேருலாம் வெச்சாச்சி. ஊரே கூப்புட்டுக்கினு இருக்குது. நீ வந்து இன்னான்னு கேக்கறதுதான் பாக்கி."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வர்றேன்மா" என்றான்.

வரவில்லை.

கொஞ்ச காலம் கழித்து அம்மாதான் விழுப்புரத்துக்குக் குடிபோனார். அவனுக்கு அங்கேயே கல்யாணம், பிள்ளைகள், பிறகு சின்னதாகச் சொந்த ஓட்டல். நானும் மெட்ராஸ் வந்துவிட்டேன். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் திண்டிவனத்தைக் கடந்துதான் வருவான். இறங்கியதே இல்லை.

"மாலை போட்டவங்க ஒருத்தரும் இப்ப இல்லடா" என்று ஒரு முறை சொன்னேன்.

"இல்லன்னு நீ சொல்ற. எறங்கிப் பாத்தாதான தெரியும்" என்றான். பேச்சை மாற்றிவிட்டான்.

செல்வி சொன்ன இன்னொன்று. சில நாளாக "ஊருக்குப் போலாம், ஊருக்குப் போலாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். எந்த ஊர் என்றால் பதில் இல்லை. அதனால் அடக்கம் விழுப்புரத்திலா திண்டிவனத்திலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

"மாமா, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷப் பழக்கம்... எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மகன் வந்துகொண்டிருக்கிறார். பங்காளிகளைக் கலந்துகொண்டு அவர்தான் சொல்ல வேண்டும்.

போய்ட்டு வா, கோதண்டம். எந்த ஊர் என்பது நாளை காலையில் தெரியும்.