மூன்று திர்ஹாமும் ஊர்க்கூலியும்

செபாஸ்தியம்மாள் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், தோலைப் போடச் செய்தித்தாளில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் விரிப்பாள். அயல்நாட்டுப் பண மதிப்பு போடும் பக்கத்தில் மட்டும் ஒரு தோல் விழக் கூடாது. அதிலிருந்து திர்ஹாமின் விலையை நோட்டில் எழுதிய பிறகுதான் அரிவாள்மனைப் பக்கம் வருவாள்.

இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் அவள் கணவர் இருதயநாதன். வெல்டர். 2002இல் துபாய்க்குக் கிளம்பும்போது திண்டுக்கல் ரயிலடியில் இவள் கண்ணைக் கசக்க, "ஊர்க்கூலி என் கூலியத் தொடட்டும், மறுநாளே வந்துர்றேன்" என்றார். ரயில் கிளம்புகிற நேரத்தில் மனிதர்கள் சொல்கிற சமாதானம்தான். இவள் அதைக் கிரயப் பத்திரமாக எடுத்துக்கொண்டாள்.

அவருக்கு அங்கே தங்கல், சாப்பாடு போக மணிக்கு மூன்று திர்ஹாம் நிற்கும். அப்போது அது முப்பத்தொன்பது ரூபாய்ச் சொச்சம். இங்கே வெல்டருக்கு நாள் கூலி நூற்றிருபது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் பதினைந்து. நோட்டில் இரண்டு எண்களையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து, நடுவில் கிடந்த இருபத்துநாலு ரூபாயைத் தன் ஜென்ம விரோதியாக வரித்துக்கொண்டாள்.

2007இல் திர்ஹாம் மளமளவென்று இறங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் வளைகுடாக்காரர்களின் மனைவிமார் எல்லாம் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் நின்று, அது ஏற வேண்டும் என்று மெழுகுவத்தி கொளுத்தினார்கள். இவளும் அதே வரிசையில் நின்று, அதைவிடப் பெரிய வத்தியாக வாங்கி, இன்னும் இறங்க வேண்டும் என்று கொளுத்தினாள். அந்தோணியார் பாடு திண்டாட்டம்தான். ஆனாலும் நவம்பரில் பத்து எழுபதுக்கு வந்தது. மூன்றால் பெருக்கினால் முப்பத்திரண்டு ரூபாய் பத்துப் பைசா.

ஊர்க்கூலிதான் சண்டித்தனம் பண்ணியது. மணிக்கு இருபத்தேழரையிலேயே நின்றது. அந்தோணியாரிடம் ஒரே வருஷத்தில் இரண்டு காரியம் கேட்பது முறையில்லை என்று, பேகம்பூரில் முகமது பாரூக்கின் கிரில் பட்டறைக்குத் தானே போனாள். அங்கே வெல்டராக வேலை செய்த பொம்மையனை ஓரமாகக் கூப்பிட்டு, துபாய்க் கூலி, அரிசி விலை எல்லாம் எடுத்துச் சொல்லி, இருநூற்றிருபது ரூபாய் நாள் கூலியை இருநூற்றறுபதாகக் கேட்கச் சொன்னாள்.

"எனக்குக் கூடுனா உங்களுக்கு என்னக்கா?" என்றான் அவன்.

"நீ கேளு தம்பி. எனக்கு என்னங்கிறத நான் பாத்துக்கிறேன்."

பொம்மையன் கேட்டான். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேலை குவிந்து கிடந்ததால் பாரூக்கால் மறுக்க முடியவில்லை. விஷயம் தெரிந்து மற்றப் பட்டறைகளிலும் ஆட்கள் கேட்டார்கள், அங்கேயும் ஏறியது. மணிக்கு முப்பத்திரண்டரை. நாற்பது பைசா மிச்சத்தில் ஊர் ஜெயித்துவிட்டது. அன்றைக்கு அவள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு.

டிசம்பரில் இருதயநாதன் நாற்பது நாள் லீவில் வந்தார். கைகால் கழுவி உட்காரும் முன்னே நோட்டு அவர் மடிக்கு வந்தது. சிரித்துக்கொண்டே புரட்ட ஆரம்பித்தவர் கடைசிப் பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினார். பொய் சொன்ன மனிதர் என்று பெயர் வாங்க அவருக்கும் விருப்பமில்லை. உள்ளூரில் பிழைக்க முடிந்தால் இருந்துவிடலாம் என்ற ஆசையும் அவருக்குள் இருந்தது. திருநாள் கழிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை கேட்கக் கிளம்பினார்.

நாலு பட்டறை ஏறி இறங்கி மத்தியானம் திரும்பினார். செபாஸ்தியம்மாள் கொடுத்த காப்பியில் பாதியைக் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். இரண்டாவதாக ஓர் ஆளைச் சேர்க்கத்தான் பாரூக் நினைத்திருந்தாராம். ஏற்றிய கூலியில் அது கட்டாது என்று விட்டுவிட்டாராம். மற்றப் பட்டறைகளிலும் அதே பேச்சு.

"பாய் இன்னொன்னும் சொன்னாரு," என்றார் இருதயநாதன். "பொம்மையனுக்கு இந்த யோசனையச் சொல்லிக் குடுத்ததே நீதானாம்ல?"

அவள் நோட்டின் மூலை மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"கூலி தொட்டுருச்சு, சரி. நா இருக்கவா, போகவா? பதினெட்டாந்தேதி டிக்கெட்ட என்ன பண்ண? நீயே சொல்லு."

செபாஸ்தியம்மாள் நோட்டை மூடினாள். அவர் கையில் காப்பி இன்னும் பாதி இருக்கும்போதே டம்ளரை வாங்கிக்கொண்டு, எழுந்து அடுப்படிக்குப் போனாள்.