நான் கத்தாத காலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் கண் அறுவை சிகிச்சை பழகிய யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. தியேட்டருக்குள் நான் போடும் சத்தம் வார்டு வரைக்கும் கேட்கும். கண்புரை எடுக்கும்போது நோயாளி தூங்குவதில்லை. கண்ணைச் சுற்றி மட்டும்தான் மரத்திருக்கும், காது நன்றாகவே கேட்கும். வாயை அடக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், சுபாவம் விட்டால்தானே.

அன்று மேஜையில் படுத்திருந்தவர் மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டுக்காரர். மூங்கில் ஏணி சாய்த்து மரமேறி மிளகு பறிக்கிறவர். இரண்டு கண்ணிலும் புரை. "தை பொறந்தா மரமேறோணுங்க. ஒரு கண்ணாச்சும் தெரிஞ்சாப் போதும்" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். பயிற்சிக்கு வந்த பெண் டாக்டர் ஆபரேஷன் செய்வார், நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொன்னோம். "நீங்க இருந்தாச் சரிங்க" என்றார்.

அந்தப் பெண்ணுக்குக் கை சுத்தம். என் எதிரில் எத்தனையோ கண்கள் செய்தவள்தான். மைக்ரோஸ்கோப்பின் இன்னொரு குழாயில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். புரையை உடைத்து, பெரும்பகுதியை உறிஞ்சியாயிற்று. மிச்சமிருந்த துண்டு கருவியின் முனையில் ஆடியது. சட்டென்று கண்ணுக்குள் ஆழம் கூடியது போலிருந்தது. புரைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டது.

இந்த இடத்தில் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பயந்துபோய்க் கருவியை வெளியே இழுப்பார்கள். இழுத்தால் கருவி வழியே உள்ளே ஓடும் தண்ணீர் நின்று அழுத்தம் போய்விடும், கிழிசல் பெரிதாகும், துண்டு கண்ணின் அடிக்கே விழும். அப்புறம் வெளியூருக்கு அனுப்பி இன்னொரு பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டும். அதன் பிறகும் பார்வைக்கு உத்தரவாதமில்லை. அவள் கை லேசாகப் பின்வாங்கியது. "எடுக்காதே" என்ற கத்தல் என் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் திடுக்கிட்டு உருவிவிடுவாள். விழுங்கினேன்.

"அப்படியே இரு சாமி" என்றேன். "பெடல்ல இருந்து காலை எடுக்காதே, தண்ணி ஓடட்டும். இடது கையில ஜெல்லை வாங்கி மெதுவா உள்ள விடு."

அவள் கை நின்றது. நர்ஸ் ஜெல் ஊசியைக் கொடுத்தார். ஜெல் பரவி அந்தத் துண்டைத் தாங்கிக்கொண்டதும், "இப்ப எடு" என்றேன். எடுத்தாள். "சார், இதுக்கு மேல நீங்க பண்ணுங்க" என்று அவளாகவே எழுந்தாள். மிச்சத்தை நான் முடித்தேன். துண்டு விழவில்லை, லென்ஸும் வைத்தாயிற்று. என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் இம்மியும் அசையவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தோம். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் முகம் தெரிகிறது என்றார். போகப்போகத் தெளியும். நடந்ததை நோயாளியிடம் மறைக்கக் கூடாது, செய்தவரே சொல்ல வேண்டும் என்பது என் கண்டிப்பு. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க அம்மிணி" என்றார் அவர். "டாக்டரய்யா கத்துவாருன்னு வார்டுல சொல்லி வெச்சிருந்தாங்க. நேத்து உங்களைச் சாமின்னு கூப்பிட்டாருங்க. என்னமோ கெட்டுப்போச்சுன்னு புரிஞ்சுபோச்சு. நான் அசைஞ்சா உங்க கை அசைஞ்சுருமேன்னு மூச்சைப் புடிச்சுட்டுக் கெடந்தேன்."

அவளுக்குக் கண் கலங்கியது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அடுத்த கண்ணை நீங்களே பண்ணிப்போடுங்க. அம்மிணி நல்ல புள்ளைதானுங்க. ஆனா எனக்கு இருக்கறது இன்னும் ஒண்ணுதானுங்களே."

நான் வாய் திறப்பதற்குள், "ஆமாங்கய்யா, சாரே பண்ணட்டும்" என்று அவளே சொன்னாள்.