பழைய கிதாருக்குப் பச்சை பெயின்ட்

இந்த நாட்டில் பழைய சாமான்களுக்கு இரண்டு பெயர் உண்டு. ஓரளவு தேய்ந்திருந்தால் ‘யூஸ்டு’, விலை பாதி. நன்றாகவே தேய்ந்து, கீறல் விழுந்து, எவனோ சிகரெட்டால் சுட்ட தழும்பும் இருந்துவிட்டால் ‘விண்டேஜ்’, விலை இரட்டிப்பு. சிகாகோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, காரமில்லாத சாப்பாடு பழகிவிட்டது, இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஊரூராகக் கிளை வைத்திருக்கும் ஒரு வாத்தியக் கடைக்குப் போன வருடம் ஸ்டீல் கிதார் வாங்கப் போனபோதுதான் இந்த ஞானமே வாய்த்தது.

மடியில் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிற கிதார் அது. கேரளத்து மலையில், சின்னக்கானல் பக்கம் எங்கள் எஸ்டேட் சர்ச்சில் அப்படியொன்று இருந்தது. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர், நாயை நண்பருக்கும் கிதாரைக் கர்த்தருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாடகர் குழுவில் அதை ஏழு வருடம் வாசித்தவன் நான். எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை கிடைத்து நான் புறப்பட்ட அன்று, தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பா, “குழுவுல ஒன் எடம் அப்படியே இருக்கும்லே” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அதையே எழுதினார். இங்கே ஆஸ்பத்திரியில் ஜெபராஜ் என்ற பெயர் வாயில் நுழையாமல் என்னை ‘ஜெப்’ ஆக்கிவிட்டார்கள். அவர்கள் நடுவே, எனக்கென்று ஓர் இடம் மலைமேல் இருக்கிறது என்ற நினைப்பில்தான் காலம் தள்ளினேன். போன வருடம் வந்த கடிதத்தில், மழை ஈரத்தில் ஊறி அந்தக் கிதாரின் கழுத்தே கழன்றுவிட்டது என்று எழுதியிருந்தார். உடனே கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டேன். வேறொரு கிதாரோடு போய், என் இடத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பாட்டாவது வாசித்துவிட்டு வர வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

கடையில் புதுக் கிதார்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றிலும் எங்கள் சர்ச் கிதாரின் குரல் இல்லை. கடைசியில் மூலையிலிருந்த ஒரு கிழட்டுக் கிதாரைத் தட்டினேன், அதே குரல். என் அதிர்ஷ்டம், பார்க்கவும் படு மோசமாக இருந்தது. மலிவாக முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டு, “இந்தக் கீறல்களுக்கெல்லாம் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“குறைப்பதா? விலையே கீறலுக்குத்தான் சார்” என்றார் தாடி வைத்த விற்பனையாளர்.

“சரி, வார்னிஷாவது பூசித் தருவீர்களா?”

தன் தாயாருக்கு மொட்டையடிக்கச் சொன்னதுபோல் அவர் முகம் போயிற்று. பழைய வார்னிஷ்தான் இதன் உயிர், உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறை. “உங்கள் இந்தியாவில் பழசை மிகவும் மதிப்பார்களாமே?” என்றும் கேட்டார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு, அழுக்குக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கி வந்தேன்.

மதுரையில் இறங்கி, போடி வழியாக மலையேறி, எஸ்டேட் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கிதார் பெட்டியைத் திறந்தார். கீறல்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்லே. அமெரிக்காவுல புதுசே கெடைக்கலியா?”

விண்டேஜ் தத்துவத்தை விளக்கினேன். அப்பா “செரி, செரி” என்று கேட்டுக்கொண்டார். மானேஜர் சொல்வதற்கும் இப்படித்தான் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வார் என்று தெரிந்திருந்தும், அதை நம்பிவிட்டு ஒரு சர்டிபிகேட்டுக்காக தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். உனக்கு இங்கே ஸ்திரதாமசம், அதாவது நிரந்தரக் குடியிருப்பு, உண்டா என்று கிளார்க் மலையாளத்தில் கேட்டார். சிகாகோவிலும் இதே கேள்விதான், அங்கே படிவம் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். பதில் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு நாளாயிற்று.

திரும்பி வந்து பார்த்தால், வாசலில் கிதார் காய்ந்துகொண்டிருந்தது. ஃபாக்டரியில் இலை உருட்டும் மெஷினுக்கு அடிக்கிற அதே பச்சை பெயின்ட். அதன் மேல் வெள்ளை எழுத்தில்: ‘அன்பளிப்பு: ஞா. ஜெபராஜ், அமெரிக்கா’.

எங்கள் சர்ச்சுக்குள் கொடுத்தவர் பெயர் இல்லாமல் ஒரு ஆணி கூட நுழைய முடியாது. பெஞ்சில் பெயர், கடிகாரத்தில் பெயர், டியூப்லைட்டில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்குப் பெயர். இதையெல்லாம் தெரிந்து வளர்ந்தவன்தான் நான். ஐந்து வருடத்தில் மறந்துபோயிருந்தேன்.

“வார்னிஷ் எங்கப்பா?”

“தேச்சு எடுத்துட்டேம்லே. ரெண்டு நாளு ஆச்சு. ஆலயத்துக்குக் குடுக்குற சாமான அழுக்கும் கீறலுமாவா குடுக்கது? நாலு பேரு என்ன சொல்லுவான்?”

உப்புத்தாள் தேய்த்து அவர் விரல்கள் கொப்பளித்திருந்தன. அதைப் பார்த்த பிறகு கோபப்படவும் முடியவில்லை. கம்பியைத் தட்டிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் ஒலித்தது.

“அமெரிக்கான்னு எதுக்குப்பா? சின்னக்கானல்னு போட்டிருக்கலாம்ல?”

“சின்னக்கானல்காரன் குடுத்தான்னா எவம்லே நம்புவான்?”

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சுக்குள் போய், நேராகப் பாடகர் குழுவின் பெஞ்சை நோக்கி நடந்தேன். சபை மூப்பர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

“தம்பி, அங்க எங்க போறீக? ஒங்களுக்கு முன்னால சேர் போட்டிருக்கு.”

“நான் வாசிக்கணும் அண்ணாச்சி.”

அவர் சிரித்தார். “குடுத்தவுகளே வாசிக்கதா? நல்லாவா இருக்கும்? அதெல்லாம் கிருபை வாசிப்பா.”

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் கிருபை. நான் போன மறுவருடத்திலிருந்து அவள்தான் வாசிக்கிறாளாம். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரைச் சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார். என் இடம் அப்படியே இருக்கும் என்றுதான் அவர் எழுதினார். காலியாக இருக்கும் என்று எழுதவில்லை. குழுவுக்கும் சபைக்கும் நடுவே, துண்டு விரித்த நாற்காலியில் என்னை உட்கார வைத்து, மாலை போட்டார்கள். ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் விருந்தாளி’ என்று போதகர் அறிவித்தார். எல்லோரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

கிருபை பச்சைக் கிதாரை மடியில் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். என்னைவிடச் சுத்தமான கை. முதல் பாட்டின் இரண்டாம் அடியில் ஓரிடத்தில் சுரம் மேலே ஏற வேண்டும். எனக்கு அது எட்டவே எட்டாது. ஏழு வருடமும் பாதியில் வழுக்கிக் கீழே இறங்கி, போதகரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கிருபை அந்த இடத்துக்கு வந்ததும், கொஞ்சமும் தயங்காமல், நான் இறங்கிய அதே இடத்தில் வழுக்கி இறங்கினாள். அவளோடு சபை முழுவதும் இறங்கியது; நான் வாசித்துக் கேட்டேயிராத சின்னப் பிள்ளைகளும் அப்படியே இறங்கினார்கள். அந்தப் பாட்டு அப்படித்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரியான சுரம் இப்போது எனக்குத் தெரியும். சிகாகோவில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. அடுத்த சரணம் வந்தபோது, நாற்காலியில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தபடி, நானும் அவர்களோடு சேர்ந்து தவறாகவே பாடினேன்.