யோகலிங்கம் சொன்ன நட்சத்திரம்

அக்கராயன் கிராமத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற யோகலிங்கத்துக்கும், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அவனுடைய அக்கா விமலேஸ்வரிக்கும் ஓயாத சண்டை ஒரு நட்சத்திரத்தைப் பற்றித்தான். சில நட்சத்திரங்கள் இதயம்போல ஒரே சீராகத் துடிக்கின்றன. அவை வெடித்துச் செத்த நட்சத்திரங்களின் மிச்சம். இறுகிச் சுருங்கிச் சுழல்பவை. அவற்றின் கதிர், கடற்கரை வெளிச்சவீட்டு விளக்குப்போல, சுற்றுக்கு ஒருதரம் எங்களைத் தொட்டுப்போகிறது என்று அவள் படித்திருந்தாள். அதில் ஒன்று ஒரு நொடிக்குள், ஒரு செக்கனுக்குள், அறுநூறுதரம் சுற்றுகிறதாம்.

"செத்தது எப்பிடியக்கா செக்கனுக்கு அறுநூறுதரம் சுத்தும்? சிதறிப்போகாதே?" என்பான் யோகலிங்கம். "அது சுத்தேல்லை. கரண்ட் சேர்ந்து சேர்ந்து பாயுது. அது உயிரோடதான் இருக்கு."

காட்டுகிறேன் என்று பம்புக் கொட்டிலில் பழைய றேடியோப் பற்றறியில், கரண்டைச் சேர்த்துவைக்கிற ஒரு சாமானையும் ஒரு குட்டி நியோன் பல்பையும் பூட்டினான். மின்சாரம் நிரம்பி வழிகிற நேரமெல்லாம் பல்பு மினுங்கி மினுங்கி அணைந்தது. அம்மா வாய் பார்த்துக்கொண்டு நின்றா. விமலேஸ்வரி விடவில்லை, மத்தியானம், கூரைத் தகரம் கொதித்தபிறகு திரும்பவும் வந்து பார்த்தாள்.

"பார், சூடேறத் தாளம் மாறுது. நட்சத்திரம் இப்பிடி மாறுறேல்லை, தம்பி."

அவன் சிரித்தான். "நல்ல சாமான் போட்டாச் சரிவரும். வவுனியாவுக்குப் போட்டு வாறன்."

எண்பத்தைந்தாம் ஆண்டு அது. திரும்பி வருகிற வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இளம் பெடியன்களை இறக்கினார்களாம். பஸ் வந்து சேர்ந்தது, அவன் வரவில்லை. தாயும் மகளும் ஏறாத முகாம் வாசலில்லை. "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்பதுதான் எங்கும் பதில்.

கொட்டிலில் பல்பு தன்பாட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது. அம்மா பகல் முழுக்க அதன் முன்னால் குந்தியிருந்தா. பற்றறி செத்து அது நின்றபிறகுதான் விமலேஸ்வரிக்கு அந்த மினுக்கம் ஒரு சத்தமாகக் கேட்கத் தொடங்கியது. பல்புக்குச் சத்தமே இருந்ததில்லை. என்றாலும் வகுப்பில், கிணற்றடியில், பட்டப்பகலில் டிக், டிக். கரும்பலகைக்கு முன்னால் சோக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்.

வருசம் திரும்பியதும், செத்தவனுக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் செய்துவிடுவோம் என்று அம்மாவின் தம்பி, சிற்றம்பலம் மாமா, பூசை செய்கிற ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா விமலேஸ்வரியை அடுப்படிக்கு, குசினிக்குள் இழுத்தா.

"நீ படிச்சனி. சொல்லு பிள்ளை, அந்த நட்சத்திரம் செத்ததோ, உயிரோட இருக்கோ?"

புத்தகத்தின் பதில் அவளுக்குத் தெரியும். தம்பியின் கணக்குப் பிழையென்றும் தெரியும்.

"அது எப்பிடித் துடிக்குதெண்டு படிச்ச ஆக்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாதம்மா."

அதில் பொய் இல்லை. ஆனால் அம்மா கேட்டது அதையல்ல.

"அப்ப செத்ததெண்டு சொல்லேலாது," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா வெளியே மாமாவிடம் போனா. "தம்பி, ஐயரைப் போகச் சொல்லு."

மாமா கத்தினார். "அம்மாதான் அறிவில்லாமல் கதைக்கிறா, நீ ஒரு ரீச்சர்!" விமலேஸ்வரி தானே ஐயரை ரோட்டுவரை கூட்டிப்போனாள். சைக்கிளில் ஏறுமுன் அவர் இரக்கத்தோடு கேட்டார்.

"தம்பிக்கு என்ன வயசிருந்தது, பிள்ளை?"

"இப்ப இருபத்தேழு, ஐயா," என்றாள்.