பாவசங்கீர்த்தனக் கூண்டில் வெங்காயம்

நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வாடகை பேசியபோது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போகிற தூரத்தில், மொட்டை மாடியோடு ஒரு வீடு கிடைப்பது லேசில்லை. சரி என்று தலையாட்டிவிட்டோம். சாமான்களை இறக்கிய பிறகுதான் அந்த வீட்டில் பெயருக்குக்கூட ஓர் அலமாரி இல்லை என்பது உறைத்தது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறவள். அங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் காய்ச்சல் மாத்திரையை எடுத்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் வெங்காயம் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில், பருப்பு கட்டிலுக்கு அடியில். கதவுக் கைப்பிடியில் தொங்கும் பைகளில் எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் கணவர் மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை வேலைக்குப் போகிறவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒவ்வொரு பையாகத் தடவிச் சீப்பைத் தேடுவார். எங்களோடு இருக்கும் என் மாமியார், "இது வூடா, மூட்ட ஏத்தின லாரியா?" என்று கேட்பார்.

மாமியாரின் ஊர் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்தவர்களான நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அந்த ஊரில் பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கை கழுவக் குழாயைத் தேடிப் பின்பக்கம் போனேன். அங்கே புங்க மரத்தடியில், உடைந்த பலகைகளுக்கு நடுவே, பழைய பாவசங்கீர்த்தனக் கூண்டு நின்றுகொண்டிருந்தது. நடுவில் சாமியார், அதாவது பாதிரியார், உட்காரக் கதவு வைத்த ஓர் அறை. அதன் இரண்டு பக்கமும், ஆட்கள் முழங்கால் போட்டுப் பாவங்களைச் சொல்லச் சின்னதாக ஒவ்வோர் அறை. இடையில் காதுக்கு நேராகக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் பின்னிய சிறிய ஜன்னல்கள். புதுக் கோயிலில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள். கூண்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

கதவை இழுத்தேன். ஒரு பல்லி வெளியே ஓடியது. உள்ளே குனிந்து பார்த்தபோது என் கண்ணுக்குக் கூண்டு தெரியவில்லை. இந்த இடத்தில் அரிசி டின், அதற்கு மேலே ஒரு பலகை போட்டால் பருப்பு, மிளகாய்த்தூள், அதற்கும் மேலே காபித்தூளும் சர்க்கரையும். பக்கத்து அறையில் துணி. சுவரில் ஒரே ஓர் ஆணிகூட வேண்டாம், தன் காலில் தானே நிற்கும். கையில் அளவு நாடா இல்லை. முந்தானையை நீட்டி நீட்டி அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டிருந்தேன்.

மாமியார் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு அதுல போய்த் தலைய வுட்டுக்கினு நிக்கிற?"

"அத்த, இத வூட்டுக்கு எடுத்துக்கினு போலாமா? சாமான் வைக்க நல்லா இருக்கும்."

அவர் முகம் மாறிவிட்டது. "நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து இதுலதான் முட்டி போட்டுப் பாவம் சொன்னேன். என் பாவம், என் மாமியாரு பாவம், இந்த ஊர்க்காரங்க பாவம் எல்லாம் இதுலதான் கெடக்குது. அதுல கொண்டுபோய் வெங்காயத்தயும் பூண்டையும் வைக்கப் போறியா?"

நான் அந்தக் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போனேன். இளவயதுக்காரர். பூசை உடையை மாற்றிக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"திருவிழாச் சமையலுக்கு வெறகா ஒடைக்கலாம்னு சொல்லிக்கினு இருந்தாங்கம்மா. பங்குப் பேரவையில ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன். அடுப்புல போறதுக்குப் பதிலா உங்க வூட்டுக்கு வரட்டும்."

பின்னாலேயே வந்த மாமியார் விடவில்லை. "சாமி, இவ்ளோ பேரு பாவத்தக் கொட்டின எடம். அதப் போய் வூட்டுல வைக்கலாங்களா?"

சாமியார் சிரிப்பை நிறுத்திக்கொண்டு நிதானமாகவே பதில் சொன்னார். "நீங்க சொன்ன பாவத்த ஆண்டவர் அன்னைக்கே மன்னிச்சிட்டாரும்மா. மரத்துல ஒண்ணும் ஒட்டிக்கினு இல்ல. ஒட்டிக்கினு இருக்குதுன்னு நெனச்சா, நீங்க சொன்ன பாவசங்கீர்த்தனத்த நீங்களே நம்பலன்னு ஆயிடும்."

பஸ்ஸில் வரும்போது மாமியார் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். உளுந்தூர்பேட்டை சாலையில் ஏறிய பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி, "கதவுக்குத் தாழ்ப்பா இருக்குதா, நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது.

கோயில் காரியங்களை முடிவு செய்யும் பேரவையும் சம்மதித்தது. அடுத்த வாரமே என் கணவர் ஒரு குட்டியானை வண்டியைப் பேசிக் கூண்டை ஏற்றிக்கொண்டு வந்தார். நிற்கவைத்துக் கயிறு கட்டியிருந்ததால் ஊர்வலம் போலத்தான் இருந்திருக்கும். வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஒருவர், "இன்னாங்க, தேர் எங்க போவுது?" என்று கேட்டாராம். என் கணவர், "சமையக்கட்டுக்கு" என்று சொன்னதும் அவர் ஒன்றும் புரியாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

வீட்டு வாசலில் வந்து இறக்கிய பிறகுதான் சிக்கல். மாடிப்படி நடுவில் திரும்புகிறது. கூண்டு திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கீழே நின்றுகொண்டு, "பெயின்ட்டு, பெயின்ட்டு" என்று சுவரைக் காட்டிக்கொண்டே இருந்தார். தூக்கிய ஆட்களுக்கு மூச்சு வாங்கியது. கூண்டை மறுபடி தெருவில் நிறுத்தினார்கள்.

"திரும்பக் கொண்டுபோய் வுட்டுர்லாம்" என்றார் என் கணவர். முந்தின இரவே எந்தத் தட்டில் என்ன என்று மனசுக்குள் அடுக்கி முடித்திருந்தேன்.

மாமியார் கூண்டைச் சுற்றி வந்தார். அறைகள் சேரும் இடங்களில் கையை வைத்துத் தடவினார். உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க வந்து பாரு. இது ஒண்ணு இல்லடா, மூணு. மூணையும் தனித்தனியாச் செஞ்சி சேத்து முடுக்கியிருக்காங்க."

உண்மைதான். ஒவ்வோர் அறைக்கும் சொந்தமாகப் பக்கச் சுவர்கள். நீளமான போல்ட்டுகள் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தன. துரு ஏறியிருந்த போல்ட்டுகளின் மேல் மாமியார் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார். நாங்கள் காத்திருந்தோம். பக்கத்துக் கடைக்காரர் ஸ்பானர் கொடுத்தார். முதல் போல்ட் கிறீச்சென்று திரும்பியபோது தெருவில் நின்ற எல்லோருமே கைதட்டிவிட்டார்கள். மூன்று பெட்டிகளாகக் கூண்டு மாடி ஏறியது. சுவரில் ஒரு கீறல் இல்லை.

மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தோம். லீவு நாட்களில் நானும் மாமியாரும் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்ப்போம். மேற்கே கல்வராயன் மலை வெயிலில் நீலமாகக் கிடக்கும். ஏழெட்டுப் பூச்சு வார்னிஷ் இருந்திருக்க வேண்டும். கறுப்பாக, தோல் போலக் கெட்டிப்பட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தூள் பறந்து எங்கள் இருவர் தலையும் பழுப்பாகிவிட்டது. ஓர் இடத்தில் கறுப்பு விலகி, உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"அத்த, மஞ்சளா வருது."

அவர் நகர்ந்து வந்து ஈரத்துணியால் துடைத்தார். மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. "பலா மரம்மா இது. பலா. இதப் போயா வெறகா ஒடைக்கப் பாத்தாங்க?" அன்று மதியம் சாப்பாட்டை மறந்து தேய்த்தோம். ஆலையிலிருந்து வந்த என் கணவர் எங்களைப் பார்த்துவிட்டு, தானே ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து மாடியில் வைத்தார். பிறகு அவரும் ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

அடிப்பலகைகளைக் கரையான் தின்றிருந்தது. மாமியாரின் ஊர் வீட்டில் கால் உடைந்து கிடந்த கட்டிலைக் கொண்டுவந்து, அதன் பலகைகளை அறுத்து அடியில் போட்டோம். மிச்சத்தில் உள்தட்டுகள் கிடைத்தன. துளை போடும் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். முதலில் அதன் சத்தத்துக்கே பயந்த மாமியார், இரண்டாம் நாள் என் கையிலிருந்து வாங்கி, "இப்டி அமுக்கினா போதுமா?" என்று கேட்டார். அப்புறம் திருப்பித் தரவே இல்லை.

முழங்கால் போடுகிற பலகைகள் இரண்டிலும் இரண்டிரண்டு பள்ளம் இருந்தது. எத்தனையோ பேர் முட்டி பதிந்து தேய்ந்த பள்ளம். நான் அவற்றையும் சமமாகத் தேய்க்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இத மட்டும் வுட்டுரு."

"மேடு பள்ளமா இருந்தா எதையும் வைக்க முடியாதே அத்த?"

அவர் உள்ளே போய் ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்தார். ஒன்றைப் பள்ளத்தில் வைத்தார். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. அடுத்ததையும் வைத்தார். நான் உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

பெட்டிகளை உள்ளே வைத்த நாளில் எதில் எதை அடுக்குவது என்று நான் பேச்சை எடுப்பதற்கு முன்னாலேயே மாமியார் முடிவு செய்துவிட்டிருந்தார். சாமியார் உட்கார்ந்த அறையில் அரிசி, பருப்பு, மசாலா. ஒரு பக்க அறை படுக்கை அறைக்கு, துணி வைக்க. பின்னல் ஜன்னல் நல்லபடியாக இருந்த இன்னொரு பக்க அறையின் முன்னால் முறத்தோடு வந்து நின்றார். முறத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும்.

அவரே சொன்னார். "வெங்காயத்துக்குக் காத்து வேணும். இந்த ஜன்னலு மாதிரி எந்தக் கடையில கெடைக்கும்?" நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெங்காயத்தைக் கொட்டினார். இப்போது அழுகுவது ரொம்பக் கம்மி.

வீட்டுக்காரரின் மனைவி வந்து கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். என்னோடு வேலை செய்யும் நர்ஸ் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் சீப்புக்கென்று ஒரு தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் மாமியாரும்தான் கொஞ்ச நாள் கிறுக்குப் பிடித்தவர்கள் போல இருந்தோம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது வேறு ஏதோ ஒன்றாகத் தெரிந்தது.

போன மாதம் சந்தையிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். சங்கராபுரம் சாலையில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் டிரைவரின் தோளைத் தட்டி, "நிறுத்துப்பா, நிறுத்து" என்றார். செங்கல் குவியலின் மேல் கம்பி வைத்த மர ஜன்னல் ஒன்று கிடந்தது. கம்பிகளுக்கு இடையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"சாப்புடுற தட்டு சொருவி வைக்க எப்டி இருக்கும்?" என்றார் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள், அங்கே நின்றிருந்த மேஸ்திரியிடம் திரும்பி, "இந்த ஜன்னல இன்னாங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். அவர் தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலை எங்கள் இருவர் மடியிலும் குறுக்காக வைத்துக்கொண்டு, காய்கறிப் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.