நட்சத்திரக் குறி யாருக்கு

என் மனைவிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று என் அக்கா சொல்வாள். தப்பு. மூக்கின் மேல் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடையது அடிவயிற்றில் இருக்கிறது. எழுந்திருக்க நேரமாகும், எழுந்துவிட்டால் உட்காராது. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவள் அந்த வாசலுக்கு உள்ளே, தண்ணீர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். பதினான்கு வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. பாட்டில் கழுவுவது, அமிலம் கலப்பது, மெஷினை ஓட்டுவது, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அவள். அந்த எண்களை வைத்து மற்றவர்கள் கட்டுரை எழுதுவார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வரும். அங்கே இருந்த பணியாளர்கள் மொத்தம் இவள் ஒருத்திதான். அந்த மாதிரிக் கட்டுரைகள் இருபதுக்கு மேல் என் கடையிலேயே நகல் எடுத்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பழைய குழாய்களைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று பித்தளைக் குழாய் மாட்டினார்கள். இவளுக்கு ஒரு சந்தேகம். பித்தளையில் கொஞ்சம் ஈயம் கலந்திருக்குமே, ராத்திரி முழுக்கக் குழாயில் நிற்கிற தண்ணீரில் அது இறங்காதா என்று. சந்தேகத்தோடு நிறுத்தவில்லை. விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் முதல் தண்ணீரைப் பிடித்து வருவாள். எட்டு மணிக்கு ஆய்வகத்தில் தன் வழக்கமான வேலை. இப்படிப் பதினொரு பள்ளிக்கூடம், இரண்டு வருஷம். முதல் தண்ணீரில் ஈயம் இருந்தது. இரண்டு நிமிஷம் திறந்து விட்டால் பெரும்பாலும் போய்விடுகிறது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. ஆனால் அந்த இரண்டு நிமிஷம் தெரியாமல் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தன.

துறைத்தலைவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல நாக்கு வரவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தது அவர். மெஷினை விடுமுறை நாளில் ஓட்ட விட்டதும் அவர். அதனால் கட்டுரையில் இவள் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது. இவள் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இவரைக் கேளுங்கள் என்று அதற்கு அர்த்தம். கீழே மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருக்கும். உள்ளே எல்லோரும் அதை ஸ்டார் என்பார்கள்.

கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. சும்மா போட்டால் காசு கட்டுகிறவர்கள்தான் படிக்க முடியும். எழுதியவர் முன்கூட்டியே ஒரு கட்டணம் கட்டிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதியவரே காசு கொடுத்துத் தன் எழுத்தை வெளியே விடும் இந்த ஏற்பாட்டை முதலில் கேட்டபோது ஏதோ ஏமாற்று என்றுதான் நினைத்தேன். இன்னும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை. கட்டணம் அவளுடைய ஏழு மாதச் சம்பளம்.

இதற்கு உதவுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு நிதி இருக்கிறது. விண்ணப்பித்தால் குழு கூடி முடிவு செய்யும். ஆனால் ஸ்டார் வைத்திருப்பவர் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது விதி. துறைத்தலைவர் சுலபமான வழி சொன்னார். ஸ்டாரைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும், பணம் தானாக வரும், அவள் பெயர் முதலிலேயே இருக்கட்டும் என்றார். அவருடைய அடுத்த பதவிக்கு ஸ்டார்களை எண்ணுவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொடுத்துத் தொலையேன் என்றேன். ஒரு புள்ளி மாதிரி இருக்கிற குறிக்காக வேலையைப் பணயம் வைப்பதா, கையெழுத்துப் போடுகிறவரைப் பகைத்துக்கொள்வதா என்று குடும்பஸ்தன் பேசுகிற பேச்செல்லாம் பேசினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"குழாய் போடுறவர் படிச்சுட்டு ஒரு சந்தேகம்னு கூப்பிட்டா சார் என்ன சொல்வாரு? அவரு ஒரு குழாயைக் கூடத் திறந்ததில்லைங்க."

அன்று சாப்பாட்டில் உப்பு இல்லாததைப் பற்றிக்கூட நான் வாய் திறக்கவில்லை.

ஸ்டாரை மாற்றாமலே விண்ணப்பித்தாள். விண்ணப்பத்தோடு பத்திரிகையின் ஏற்புக் கடிதத்தின் முதல் பக்க நகலை இணைக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்த நகல் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கடிதம் வரும், முதல் பக்கத்தை வைப்பேன், பொத்தானை அழுத்துவேன், திருப்பிக் கொடுப்பேன். அன்று இவள் கடைக்கு வந்தபோதும் அதையே செய்தேன். இரண்டாம் பக்கம் எடுக்கலையா என்றாள். அது வேண்டியதில்லை, யாருமே கேட்க மாட்டார்கள் என்றேன், ரொம்பத் தெரிந்தவன் போல. அவள் மேஜைமேல் இருந்த கடிதத்தைத் திருப்பி, நின்றபடியே படித்தாள். கடையில் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நகரவில்லை.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான். பத்திரிகை அழகுபடுத்தி அச்சிட்ட வடிவத்தைக் காசு கட்டாமல் வெளியிடக் கூடாது. ஆனால் ஏற்கப்பட்ட கட்டுரையின் இறுதிப் பிரதியை, எழுதியவர் தன் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில் உடனே போடலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்டணம் கிடையாது.

அந்தப் பக்கத்தைப் பெரிய பெரிய பேராசிரியர்கள் படிக்கவில்லை. முதல் பக்கம் போதும் என்று நிதி அலுவலகம் கேட்டதால், கடிதம் என்றால் முதல் பக்கம் என்றே உள்ளே பழகிவிட்டது. தினமும் கையில் வைத்திருந்த நானும் படிக்கவில்லை. அசடு வழிய நின்றேன். இரண்டு பக்கத்தையும் நகல் எடுங்கள் என்றாள். எடுத்தேன். மறுநாள் மதியம் நூலகத்தில் இருக்கிற கிளார்க் பத்து நிமிஷத்தில் கட்டுரையைத் தளத்தில் ஏற்றிவிட்டார்.

இனிமேல் குழுவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வேண்டியது கிடைத்தாயிற்று, கூட்டத்துக்கு வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடு என்று கெஞ்சினேன். அவள் இஸ்திரி போட்ட புடவையில் கிளம்பினாள். அங்கே நடந்ததை அவளும் சொன்னாள், குழுவுக்குத் தேநீர் கொண்டு போனவரும் கடைக்கு வந்து சொன்னார். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

நீள மேஜை, ஐந்து பேர். ஒரு பக்கம் துறைத்தலைவர், எதிர்ப்பக்கம் இவள். குழுத் தலைவி கணக்குப் பேராசிரியை, கறாரான மனுஷி. கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். மூன்றாவது பள்ளிக்கூடத்தின் ஒருநாள் எண்ணை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாததால் துறைத்தலைவர் முந்திக்கொண்டார். மெஷினில் கோளாறு என்றார். தலைவி இவளைப் பார்த்தார்.

மெஷினில் கோளாறு இல்லை என்றாள் இவள். அன்று பள்ளிக்கூடத்துக் காவலாளி இவளுக்கு முன்னாலேயே வந்து வாளி கழுவக் குழாயைத் திறந்திருக்கிறார். எண் குறைவாக வந்தது. அவரைத் தனியாகக் கேட்டபோது தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார். முதல் தண்ணீர் அது இல்லை என்பதால் நீக்கினாள். பதிவேட்டில் அன்றைய தேதியிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

பிறகு தலைவி, வேலை யாருடையது என்பதில் குழுவுக்குச் சந்தேகமில்லை, ஆனால் விதி விதிதான், ஸ்டாரை மாற்றிக் கொடுத்தால் இன்றே பணம் ஒதுக்குகிறோம் என்றார். உதவி செய்கிற குரலில்தான் சொன்னாராம். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. உண்மை தெரிந்த பிறகும் பொய்யில் கையெழுத்துக் கேட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"பணம் வேணாம் மேடம். கட்டுரை ஏற்கெனவே வெளிய போயாச்சு, காசில்லாம யாரு வேணா படிக்கலாம். நான் வந்தது விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க. ஏன் வாங்கறேன்னும் உங்க குறிப்புல எழுதுங்க. வேலை செஞ்சவங்க ஸ்டாரை மாத்தினாத்தான் பணம்னு சொன்னீங்க, அதனால வேணாம்னு சொல்லிட்டேன்னு எழுதுங்க."

எழுதுகிற வரை நின்றுகொண்டே இருந்தாள். எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தும் காட்டினார்கள். தேநீர் கொண்டு போனவர் இதைச் சொல்லும்போது, தானே போய்ச் சண்டை போட்டு வந்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியவில்லை.

விதி மாறவில்லை. ஒப்பந்தக் காகிதம் துறைத்தலைவரின் மேஜையில் கிடக்கிறது, இன்றோடு பத்தொன்பது நாள். கையெழுத்து விழுமா என்று தெரியாது. இவள் தினமும் எட்டு மணிக்குப் போய்ப் பாட்டில் கழுவுகிறாள். போகும்போது அவருக்கு வணக்கம் சொல்கிறாளாம், எப்போதும் போல.

நேற்று மத்தியானம் சாப்பிட என் கடைக்கு வந்திருந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் போன் அடித்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். வேறு ஊரிலிருந்து ஒரு பிளம்பர். தண்ணீர் பற்றிய கட்டுரையை மகள் போனில் படித்துக் காட்டினாளாம். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்திருக்கிறாராம். மூன்று மாடி, பைப் ரொம்ப நீளம், இரண்டு நிமிஷம் போதுமா என்று சந்தேகம்.

"இத எழுதின சார் கிட்டக் கொஞ்சம் பேசணும்மா. போனக் குடுக்கறீங்களா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, என் பில் புத்தகத்தையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார் யாரும் இல்லைங்க. எழுதினது நான்தான். பைப் எத்தனை அடி, சொல்லுங்க."