கதவோரத்துப் பை

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு பதினான்கு மாதம் உலகம் சுற்றிய விமலேஸ்வரி மலேசியாவில் தன் ஊரான சிம்பாங் ரெங்கத்துக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் நடப்பதை அவளால் நம்பவே முடியவில்லை. கணவர் குணாளன் சொந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரில் பல் விளக்கப் பயந்து, போத்தல் தண்ணீரைத் திறக்கிறார். மகள் லோஷினி அலமாரியைத் தொடுவதே இல்லை. காலையில் எழுந்ததும் துணிகளைச் சுருட்டி முதுகுப் பையில் திணித்து, வாசல் கதவோரம் வைத்துவிடுகிறாள்.

இன்று காலையும் அந்தப் பை அங்கேதான் இருந்தது. விமலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அலமாக்! இது என்ன ஹோட்டலா? வீடு லா, நம்ம வீடு! அப்பாவுக்கும் மகளுக்கும் கிறுக்கு பிடிச்சிருச்சா?"

அதே சூட்டோடு பாசாருக்கு நடந்தாள். ஐந்து நிமிட நடைதான். காய்கறிக்காரி சாந்தா கீரையைக் கட்டிக் கொடுத்தாள். விமலேஸ்வரி காசெடுக்கச் சட்டைக்கு அடியில் கைவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த பையின் ஜிப்பை இழுத்தாள். மூன்று சிவப்புப் பாஸ்போர்ட்டுகள் நழுவிக் கீரைக் குவியல்மேல் விழுந்தன.

சாந்தா வாயைப் பிளந்தாள். "என்னக்கா, மறுபடியும் கிளம்பிட்டீங்களா?"

விமலேஸ்வரி பாஸ்போர்ட்டுகளை அவசரமாகப் பொறுக்கினாள். இந்தப் பையை எப்போது கட்டினாள்? இன்று காலையிலா? நேற்று? முந்தாநாள்? கட்டாமல் வெளியே வந்த ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

"இல்ல சாந்தா, வீட்டுக்குத்தான் போறேன்" என்றாள். அவள் காதுக்கே அது பொய் மாதிரி இருந்தது.